யானை வந்தபோது தூங்கிய கம்பங்கள்

பேருந்தில் தூங்கிப்போய் மாங்குளத்தைத் தவறவிட்டேன். கண் விழித்தபோது வண்டி பரந்தன் சந்தியில் நின்றுகொண்டிருந்தது. நடத்துனர் குனிந்து, "அக்கா, நீங்கள் மாங்குளத்துக்கெல்லோ ரிக்கற் எடுத்தனீங்கள்? அது போய்க் கனநேரம். கூப்பிட்டுப் பாத்தனான், நீங்கள் எழும்பேல்லை" என்றார். அவர் குரலில் கோபமில்லை. வியப்புதான் இருந்தது.

கருவிகளை எவ்வளவு நேரம் தூங்க விடலாம், எப்போது எழுப்பலாம் என்பதுதான் என் ஆராய்ச்சி. கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சிறிய உணர்கருவிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட்டரி. யாராவது ஏதாவது சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் பெரும்பாலான நேரம் தூங்கவைத்து, வேண்டிய கணத்தில் மட்டும் எழுப்ப வேண்டும். இதைப் பற்றிக் கோயம்புத்தூரில் தடிமனாக ஓர் ஆய்வேடு எழுதி, அதைக் காட்டி ஒரு சிறு நிறுவனத்தில் வேலையும் வாங்கியவள் நான். வேண்டிய கணத்தில் என்னை எழுப்ப ஒரு நடத்துனராலும் முடியவில்லை.

இது என் இரண்டாவது சறுக்கல். முதலாவது எங்கள் ஊர் விமான நிலையத்திலேயே நடந்துவிட்டது. கொண்டுவந்த பேட்டரிகளையெல்லாம் பெரிய பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தேன். உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். பேட்டரியைப் பற்றி உலகத்தில் எழுதப்பட்டதையெல்லாம் படித்திருந்தேன். விமான டிக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. சோதனை அதிகாரி அவற்றை எடுத்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டே, "மேடம் என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார். டீச்சர் என்று சொல்லிவிட்டேன்.

பரந்தனில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன். டீ என்றால் எங்கள் ஊரில் பாலோடுதான் வரும். இங்கே பிளேன்ரீயா, பால் தேத்தண்ணியா என்று முதலில் கேட்கிறார்கள். பிளேன்ரீ சொன்னேன். வந்தது கசந்தது. "கொஞ்சம் சக்கரை வேணுங்க" என்றேன். கடைக்காரர் தயங்கி உள்ளே போய், ஒரு சிறு தட்டில் வெல்லக்கட்டி கொண்டுவந்து வைத்தார். இங்கே வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்றால் வெல்லம். கேட்டது வந்துவிட்டதே என்று கடித்துக் கடித்துக் குடித்தேன். பக்கத்து மேசையில் ஒருவர் மற்றவரிடம், "இந்தியாவில உப்பிடித்தான் குடிக்கிறவை போல" என்று மெதுவாகச் சொன்னார். ஒரு நாட்டின் பழக்கவழக்கத்தையே மாற்றிவைத்துவிட்டு மாங்குளத்துக்கு எதிர்த்திசைப் பேருந்து ஏறினேன்.

மாங்குளத்தில் அன்ரன் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தார். எங்கள் நிறுவனம் நட்ட யானைக் காவல் கம்பங்களைக் கவனித்துக்கொள்ளும் உள்ளூர் விவசாயச் சங்கத்தின் பணியாளர். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரர், தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக் குடும்பம். வண்டியின் முன்னால் சின்னதாக ஒரு அந்தோனியார் படம் ஒட்டியிருந்தார்.

"யானையைப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியுங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கோ? கடலெண்டாக் கேளுங்கோ மிஸ், சொல்லுவன். யானையெண்டா எனக்குச் சரியான பயம்" என்றார் அன்ரன். எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அந்த இடத்திலேயே நட்பாகிவிட்டோம்.

நாங்கள் போன ஊர் விளாத்திமோட்டை. மாங்குளத்திலிருந்து உள்ளே, செம்மண் பாதை முடிந்து காடு தொடங்கும் இடம். யானை வந்தால் ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதற்காகக் காட்டோரத்தில் எங்கள் நிறுவனம் வரிசையாகக் கம்பங்கள் நட்டிருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் உடற்சூட்டை உணரும் ஒரு கண், கையகல சூரியத் தகடு, உள்ளே பேட்டரி. ஒரு கம்பம் எதையாவது கண்டால் பக்கத்துக் கம்பத்துக்குச் சொல்லும், அது அடுத்ததற்கு. கடைசியில், காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் மகேஸ்வரியின் வீட்டுக் கூரையிலுள்ள சைரன் அலறும். பேட்டரி இரண்டு ஆண்டு உழைக்கும் என்று விளம்பரத் தாளில் எழுதியது நான்தான். சில வாரங்களிலேயே கம்பங்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. "போய்ப் பாருங்க. சரியாச்சுன்னா சரி, இல்லேன்னா கழட்டிட்டு வந்துடுங்க" என்று சொல்லி மேலாளர் என்னை அனுப்பியிருந்தார்.

மகேஸ்வரிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. என்னை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவர் முதலில் கேட்டது இதுதான்: "கழட்டிக்கொண்டு போகத்தான் வந்தனீங்களோ அக்கா?"

மழுப்ப நினைத்தேன், முடியவில்லை. "சரி பண்ண முடியலேன்னா கழட்டச் சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவர் சமையலறைக்குள் போய்ப் புட்டும் தேங்காய்ச் சம்பலும், தேங்காய்ப்பாலில் காய்ச்சிய சொதியும் கொண்டுவந்தார். கழற்றிக்கொண்டு போக வந்தவளுக்கு இப்படியொரு சாப்பாடு. எங்கள் ஊரில் எதை எடுத்தாலும் சாம்பார்; இங்கே எதை எடுத்தாலும் சொதி. இரண்டாம் முறை கேட்டு வாங்கியபோது அவர் சிரித்துவிட்டார். "நீங்கள் கதைக்கிறது எங்கட அப்பா கதைச்ச மாதிரியே இருக்கு" என்றார். அப்பா மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவராம். அப்போது தொலைபேசி அடித்தது. மலைநாட்டிலிருக்கும் சித்தப்பா மகளிடம், "ஆமா புள்ள, இங்கதான் இருக்காங்க, நல்லா சாப்புடுறாங்க" என்று என் ஊர்ப் பேச்சில் பேசிவிட்டு, என் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் போடட்டோ அக்கா?" என்றார்.

அவர் கணவர் இராசையா அண்ணன் மாலையில்தான் எழுந்தார். இரவெல்லாம் கச்சான் தோட்டத்துக் காவல் குடிலில் விழித்திருப்பவர். கச்சான் என்பது நாம் சொல்லும் நிலக்கடலை. பிடுங்கும் பருவத்துக்கு வந்திருந்தது. ஒரு யானை நுழைந்தால் விளைச்சலில் பாதி மிதிபட்டே போய்விடும். பல பருவங்களாக அவர் வீட்டில் படுத்ததில்லை. கம்பங்கள் நட்டபின் வந்து படுத்தார். அவை செத்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு குடிலுக்குத் திரும்பிவிட்டார். கண்கள் சிவந்து, பேசும்போதே இமைகள் இறங்கிக்கொண்டிருந்தன. "பரவாயில்லைத் தங்கச்சி, எனக்குப் பழகீட்டுது" என்றார். அவரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மறுநாள் காலை கம்பங்களைத் திறந்து, அவை சேமித்துவைத்திருந்த பதிவுகளை மடிக்கணினியில் பார்த்தேன். யானை ஓரிரு முறைதான் வந்திருந்தது. மற்றபடி மாடு, மாடு, மயில், குரங்கு, திரும்ப மாடு. எங்கள் கல்லூரித் திடலில் சோதித்தபோது காவலாளி மட்டும்தான் குறுக்கே நடப்பார். இங்கே ஊர் மாடுகள் முழுவதும் பகலெல்லாம் கம்பங்களின் முன்னால் மேய்ந்தன. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கம்பம் விழித்து, அடுத்ததை எழுப்பி, எல்லாமாகச் சேர்ந்து வீடுவரை செய்தி அனுப்பியிருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்துக் கம்பம்தான் முதலில் செத்தது. எல்லோருடைய சேதியையும் சுமந்தது அதுதான்.

"அப்ப சைரன் பகல்லயும் அடிச்சுக்கிட்டே இருந்திருக்குமே?" என்று கேட்டேன்.

"ஓம், ஒரே கத்தல். விடிஞ்சதும் வயரைக் கழட்டிப் போடுவன், பொழுதுபடப் பூட்டுவன்" என்றார் மகேஸ்வரி.

ஆக, கம்பங்கள் பகல் முழுக்கப் பேசியிருக்கின்றன, கேட்க ஆளில்லை. எனக்குப் பெருமகிழ்ச்சி. ஆய்வேட்டிலிருந்து இறங்கிவந்த சிக்கல்போல் இருந்தது. பகலில் கம்பங்களை முழுக்கத் தூங்கவைத்துவிட்டால் சூரியத் தகடு பேட்டரியை நிரப்பும், இரவில் விழித்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அதையும் கேட்டேன்.

"பகல்ல யானை வருங்களா?"

"பகலிலையோ? ஒரு நாளும் வராது" என்றார் இராசையா அண்ணன்.

"வராது அக்கா" என்றார் மகேஸ்வரி.

"வராது மிஸ்" என்றார் அன்ரன்.

மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவருக்குக் கடலைத் தவிர எதுவும் தெரியாது என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

விமான நிலையத்தில் பறிபோனவற்றுக்குப் பதிலாகப் பேட்டரி தேடி அடுத்த நாள் கிளிநொச்சிக்குப் போனோம். கடைக்காரரிடம் அளவையும் வகையையும் ஆங்கிலத்தில் விரிவாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "ரோச்சுக்குப் போடுற பற்றரியோ?" என்றார். ரோச் என்றால் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் டார்ச் விளக்கை எடுத்துத் திறந்து காட்டினார். அதேதான்.

திரும்பும் வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில். அந்தச் சாலையில் போகிற வண்டிகள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அந்தோனியாரை முன்னால் வைத்திருக்கும் அன்ரனும் நிறுத்தினார். "பொதுவா எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லிப்போட்டுப் போறது நல்லது மிஸ்" என்றார். அங்கே வறுத்த கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே போனோம். கொஞ்ச தூரத்தில் வண்டி இருமி நின்றது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. அளவுமானி எப்போதும் பாதியில்தான் நிற்கும் என்றார் அன்ரன். நம்பிக்கைக்காக அதைப் பார்ப்பாராம். பிள்ளையாரும் அந்தோனியாரும் அவரவர் வேலையைப் பார்க்க, ஆற்றல் சிக்கனத்தில் நிபுணரான நான் வெயிலில் வண்டியைத் தள்ளினேன். களைத்து மரநிழலில் உட்கார்ந்தபோது அன்ரன் தன் மனைவி கட்டிக்கொடுத்த பொதியைப் பிரித்தார். சோறும் நண்டுக்கறியும். "அவா உங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டினவா" என்றார். நண்டை உடைக்கத் தெரியாமல் என் துப்பட்டா முழுக்கக் குழம்பாக்கிக்கொண்டேன். ஒரு லாரிக்காரர் நிறுத்தி பெட்ரோல் கொடுத்தார். கொடுக்கும்போது என்னைப் பார்த்து, "விபத்தோ?" என்று பதறினார். நண்டு என்றேன்.

அன்றைக்கே எல்லாப் பேட்டரியையும் மாற்றி, பகல் தூக்கத்தையும் நிரலில் எழுதிவைத்தேன். இரவு அமைதியாகக் கழிந்தது. காலையில் பார்த்தால் எல்லாக் கம்பங்களும் உயிரோடு இருந்தன. மேலாளருக்கு ஒரு படத்தோடு "முழு வெற்றி" என்று செய்தி அனுப்பினேன். கம்பத்தின் மேல் கைவைத்துக்கொண்டு நான் நிற்கிற படம். துப்பட்டாக் கறை தெரியாமல் வெட்டியிருந்தேன்.

அன்று பிற்பகல், வெயில் இன்னும் சாயவில்லை. கடைசிக் கம்பத்தின் சூரியத் தகடு சரிந்திருக்கிறது என்று அன்ரனும் நானும் புறப்பட்டோம். இராசையா அண்ணன் மாங்குளத்துக்குப் போயிருந்தார். வீட்டையடுத்துக் கச்சான் தோட்டம், அதற்கப்பால் ஒரு வரிசை வாழை, அதற்கப்பால் கம்பங்கள், காடு. மகேஸ்வரி தோட்டத்தின் நடுவே குனிந்து, கச்சான் முற்றிவிட்டதா என்று செடி பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாழைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தேன். தொட்டி காதை ஆட்டியது.

யானை எங்கள் கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. காலையில் நான் கைவைத்துப் படம் எடுத்துக்கொண்ட அதே கம்பம். அது ஆழ்ந்து தூங்கியது. என் கையில் மடிக்கணினி இருந்தது. ஆனால் எழுப்ப முடியாது. என் சொல்லைக் கேட்க வேண்டுமென்றாலும் அது விழித்திருக்க வேண்டும். பொழுதுபடும்வரை யார் சொல்வதையும் கேட்காதே என்று கட்டளையிட்டதே நான்தான்.

"மகேஸ்வரியக்கா!" என்று அன்ரன் கத்தினார். மகேஸ்வரி நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவர் முதுகுப் பக்கம் யானை வாழையை விலக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. "தேத்தண்ணியோ? பொறுங்கோ, இந்தா வாறன்!" என்று கையாட்டிவிட்டு மறுபடி குனிந்தார். காற்று அவர் பக்கமிருந்து எங்களை நோக்கி வீசியது. அன்ரன் சொன்ன மற்ற எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. அன்ரன் கைகளை வீசிக்கொண்டு முன்னால் ஓடினார். யானைக்குப் பயந்தவர், யானை இருந்த திசையில் ஓடினார்.

நான் வீட்டை நோக்கி ஓடினேன். தைரியமாகத்தான் ஓடினேன் என்று சொல்ல முடியாது. அந்தத் திசைதான் எனக்குப் பிடித்திருந்தது. பாதியில்தான் சைரன் நினைவுக்கு வந்தது. ஒரு செருப்பு கழன்று போனது. சுவரோரம் பழைய மோட்டார் சைக்கிள் பேட்டரி, பக்கத்தில் மகேஸ்வரி காலையில் கழற்றிப்போட்ட வயர்கள். கம்பங்களிலிருந்து வரும் செய்தியெல்லாம் வேண்டாம் என்று சைரனின் இரண்டு வயர்களையும் நேராகப் பேட்டரியில் வைத்தேன். சத்தமில்லை. மாற்றி வைத்திருக்கிறேன். மின்னியல் படித்தவள்! வயர்களை இடம் மாற்றி அழுத்தினேன். கூரை பிளப்பதுபோல் அலறியது.

மகேஸ்வரி நிமிர்ந்து, கோபத்தோடு வீட்டைத்தான் பார்த்தார். பகலில் எவள் வயரைப் பூட்டியது என்கிற பார்வை. பிறகு அன்ரன் காட்டிய பக்கம் திரும்பினார். கையிலிருந்த செடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். யானை காதுகளை விரித்து இரண்டடி முன்னால் வைத்தது. நான் வயர்களை விடவில்லை. விரல் சுட்டது. யானை தலையை ஒருமுறை ஆட்டி, திரும்பி, வாழைகளை மிதித்துக்கொண்டு, போகிறபோக்கில் கம்பத்தையும் சாய்த்துவிட்டுக் காட்டுக்குள் போனது.

மகேஸ்வரி முற்றத்தில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்ரன் மூச்சு வாங்கிக்கொண்டு, "எந்தப் பக்கம் ஓடினனான் எண்டு இப்பதான் தெரியுது" என்றார். யானை போய் வெகுநேரமாகியும் நான் சைரனை நிறுத்தவில்லை. மகேஸ்வரிதான் எழுந்துவந்து என் கையைப் பிடித்து வயரை எடுத்தார்.

மாங்குளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இராசையா அண்ணன், சத்தம் கேட்ட ஊர்க்காரர்களோடு ஓடிவந்தார்.

"பகலில வராதெண்டு சொன்னியள்?" என்று மகேஸ்வரி அவரிடம் பாய்ந்தார்.

"இவ்வளவு காலமும் வரேல்லைத்தானே!"

"நீயும் வராதெண்டுதானே சொன்னனீ?" என்று யாரோ கேட்க, "நான் இவர் சொன்னதைத்தான் சொன்னனான்" என்றார் மகேஸ்வரி. அன்ரன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் தூங்க வச்சேன்" என்றேன். யாரும் மறுக்கவில்லை.

அன்று இரவும் சாப்பாடு வந்தது. தட்டைக் கழுவிவைத்துவிட்டு மகேஸ்வரி என் எதிரே வந்து அமர்ந்தார். "மனுசர் நித்திரை கொள்ளத்தானே அக்கா உந்தக் கம்பங்களை நட்டனாங்கள். உதும் நித்திரை கொண்டா ஆர் முழிச்சிருக்கிறது?"

பகலிலும் விழித்திருந்தால் கையகலத் தகடு ஈடுகொடுக்காது, பேட்டரி ஒரு மாதம்தான் வரும். பேட்டரி இரண்டு ஆண்டு வர வேண்டும் என்பது யார் கேட்டது என்று யோசித்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் துறையில் அதைத்தான் பெருமையாகச் சொல்வோம். அதனால் நானும் சொன்னேன். "மகேஸ், மாசத்துக்கு ஒருவாட்டி பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போட்டு மாட்டறது உங்களுக்குக் கஷ்டமா?" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் கேட்டிராத கேள்வி.

"அதென்ன கஷ்டம்? நான் செய்வன்" என்றார் இராசையா அண்ணன்.

"இவர் மறந்துபோவார். நான் செய்யிறன்" என்றார் மகேஸ்வரி. "ஆனா மாட்டுக்கெல்லாம் கத்தக் கூடாது. கத்தினா வயரைப் பிடுங்கிப் போடுவன்."

ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த இரண்டு நாள் மாற்றி எழுதினேன். கண் எப்போதும் விழித்திருக்கும்; வாய்தான் தூங்கும். பெரிய உடல், உயரத்தில், சற்று நேரம் தொடர்ந்து தெரிந்தால் மட்டும் கம்பம் பக்கத்துக் கம்பத்தை எழுப்பிக் கேட்கும். இரண்டும் ஆமென்றால்தான் வீட்டுக்குச் செய்தி. சோதிக்க மாடுகளை ஓட்டினோம். சைரன் வாயே திறக்கவில்லை. அன்ரன் நடந்தார், அமைதி. சாய்ந்த கம்பத்தை மறுபடி நட்டு, முதுகில் பையும் தலைக்குமேல் மடிக்கணினியுமாக நான் மெதுவாகக் கடந்தேன். சைரன் அலறியது. தோட்டத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அளவை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மேலாளரை அழைத்து, வெற்றி என்று அனுப்பியதைத் திரும்பப் பெற்றேன். நடந்ததைச் சொன்னேன். "பேட்டரி எவ்வளவு நாள் வரும்?" என்றார். "ஒரு மாசம்." "அப்ப விளம்பரத் தாள்?" "அதை மாத்திடலாம் சார். கம்பத்தைக் கழட்ட மாட்டேன்." பிறகு, "யானை நெசமாவே அவ்வளவு கிட்ட வந்துச்சா?" என்று கேட்டார். கம்பங்கள் அங்கேயே நிலைத்தன.

சங்கத்து வேலையாக இரண்டு நாள் மாங்குளத்தில் தங்கிவிட்டு, ஊர் திரும்பும் நாளில் காலைப் பேருந்தில் தூங்கவில்லை. மடியில் மகேஸ்வரி கட்டிக்கொடுத்த பச்சைக் கச்சான் பை. வவுனியாவைத் தாண்டும்போது தொலைபேசி அடித்தது. மகேஸ்வரி.

"அக்கா, விடியக் காலமை யானை வந்தது."

"சைரன்?"

"நல்லாக் கத்தினது. நானும் பக்கத்து வீட்டுக்காரரும் எழும்பி யானை வெடி கொளுத்திப் போட்டம். தோட்டத்துக்குள்ள கால் வைக்கேல்லை. அப்பிடியே திரும்பிப் போட்டுது."

"அண்ணன் குடிசையில இருந்தாரா?"

"இல்லை அக்கா, முந்தநாளே பாயைக் கொண்டுவந்திட்டார். வீட்டிலதான் படுத்தவர்."

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. "அவருக்கு யானை வந்ததே தெரியாது. சைரன் கத்தினது, வெடி வெடிச்சது, ஊரே எழும்பினது. மனுசன் எழும்பேல்லை. இன்னும் நித்திரைதான். எழுப்பாமல் விட்டிருக்கிறன்."